சும்மா வந்த துணி

போன வருசம் தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் தையல் செட்டுக்கு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. இறங்கி வந்த அம்மா இரண்டு சாக்கு மூட்டைகளைத் திண்ணையில் வைக்கச் சொன்னார். டிரைவர் வைத்தார். பிரித்துப் பார்த்தால் அத்தனையும் புடவைகள். பூனம், காட்டன், அடியில் இரண்டு பட்டு. "நீங்க பழைய துணியில பை தைக்கிறீங்கன்னு கேள்விப்பட்டேன். எங்க வீட்ல சும்மாதான் கெடந்துச்சு. உங்களுக்காச்சும் உதவுமே" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

உள்ளே நூல் பிசிர் வெட்டிக்கொண்டிருந்த எங்கம்மா எழுந்து வந்தார். "எவ்வளவுங்க தரணும்?" என்று கேட்டார். "அய்யோ, காசெல்லாம் வேண்டாம், சும்மாதான்." "சும்மான்னா வேண்டாமுங்க. எடை போட்டு ஒரு வெல சொல்லுங்க, எடுத்துக்கறோம்." அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. மூட்டைகள் வந்த வழியே காரில் ஏறித் திரும்பிப் போயின.

அன்று ராத்திரி எங்கம்மாவோடு சண்டை போட்டேன். தொழில் நடத்துகிறவள் நான். வாடகை கட்டுகிறவள் நான். துணி சும்மா வந்தால் ஒரு மாசத்துக் கைமுதல் மிச்சம். எங்கம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார். "சும்மா குடுத்தத நான் இருவது வருசம் கட்டியிருக்கறன் கண்ணு. நீ அதுல பை தைக்க வேண்டாம்."

அந்த வார்த்தையை யோசித்து யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். சும்மா கொடுப்பதில் என்ன தப்பு? விலை கொடுத்து வாங்கினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா?

நாங்கள் அருந்ததியர். கொங்கு நாட்டில் ஒரு வளவு. எங்க அப்பாரு கவலைச் சாலுக்குத் தோல் வால் தைத்தவர். வடத்துக்கு வார் அறுத்தவர். பண்ணாடி வீட்டில் எல்லோர் காலுக்கும் செருப்பு தைத்தவர். செத்த மாட்டைத் தூக்கியவரும் அவர்தான். தைப்பது எங்களுக்குப் புதுசு இல்லை. நான் செய்வதைப் பத்திரிகைகளில் 'கைவினைத் தொழில்' என்று எழுதுகிறார்கள். அப்பாரு செய்ததற்கு அந்தப் பேர் கிடையாது. விலையும் கிடையாது. அறுப்புக் காலத்தில் களத்துமேட்டில் நின்றால் கம்போ சோளமோ அளந்து போடுவார்கள். எத்தனை வால் தைத்தாய், எத்தனை ஜோடி செருப்பு என்ற கணக்கே இல்லை. கணக்கு இல்லாததால் கணக்குத் தீரவும் இல்லை. கரண்டு மோட்டார் வந்து கவலை நின்றபோது தொழில் போயிற்று, அந்தத் தீராத கணக்கு மட்டும் போகவில்லை. எங்கம்மா பண்ணையத்துக்குக் களை வெட்டப் போனார்.

தீபாவளிக்குத் தீபாவளி பண்ணாடிச்சி வாசலில் நின்று பழம்புடவை போடுவார். எங்கம்மா கீழே நின்று முந்தானையை விரித்துப் பிடிக்க வேண்டும். கை படாமல் மேலிருந்து விழும். சரிகை முந்தியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் போடுவார்கள். ஆக, எங்கம்மா கட்டிய புடவை எதற்கும் முந்தி இருந்ததில்லை. "பண்ணாடிச்சி நல்லவங்க, வருசம் தவறாமக் குடுப்பாங்க" என்று எங்கம்மாவே சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்கு ஈடாக அடுத்த வருசம் கூலி கேட்கக் கூடாது, கூப்பிட்ட நேரத்துக்குப் போகாமல் இருக்கக் கூடாது.

இது ஏதோ ஒரு வீட்டு வழக்கம் இல்லை. மனுவின் பத்தாம் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். சண்டாளருக்குப் பிணத்தின் துணி. சூத்திரருக்கு உண்டு மிஞ்சிய சோறும் உடுத்திக் கழித்த துணியும். பழந்துணி கொடுப்பது இரக்கத்தால் வந்ததல்ல, அது சட்டம். 1927 டிசம்பர் 25ஆம் தேதி மகாத்தில் அம்பேத்கரும் தோழர்களும் அந்தச் சட்டத்தைத்தான் கொளுத்தினார்கள். மூன்று வருசம் கழித்து, 1930 டிசம்பரில், நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. ஒரு பக்கம் கழித்த துணியைத்தான் கட்டு என்பது, இன்னொரு பக்கம் நல்ல துணியைக் கட்டாதே என்பது. இரண்டும் ஒரே கை செய்த வேலை.

இங்கே எனக்கு வேறொரு காட்சி ஞாபகத்துக்கு வருகிறது. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் போடுகிறவர் எங்கள் வளவுக்கும் வருவார். அவரிடம் எங்கம்மாவைப் பார்க்க வேண்டும்! "ரெண்டு பொடவைக்கு இந்தச் சொம்புதானா? எடுத்துக்கிட்டுப் போ" என்பார். அவர் நாலடி போய்த் திரும்பி வருவார். மறுபடியும் பேரம். கடைசியில் சொம்போடு ஒரு கரண்டியும் சேர்ந்து வரும். கொடுத்ததும் பழந்துணி, வாங்கியவரும் ஏழை. ஆனால் இரண்டு பேருக்கும் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. சொம்பு கைக்கு வந்ததும் கணக்குத் தீர்ந்தது. அவர் யாரோ, எங்கம்மா யாரோ. பண்ணாடிச்சி வாசலில் இல்லாமல் போனது அதுதான். துணி பழசா புதுசா என்பது பிரச்சினை இல்லை. வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா என்பதுதான் பிரச்சினை. எங்கம்மா அந்தக் கார்க்காரம்மாவிடம் சொம்புக்காரர் பாஷையில் பேசினார். அவருக்கு அது புரியவில்லை. கோபம்தான் வந்தது.

சரி, அப்படியானால் விலைதான் விடுதலையா?

இதை நம்பித்தான் நானும் திருப்பூருக்குப் போனேன். பதினாலு வயசில் கைமடி. அப்புறம் செக்கிங், அப்புறம் பவர் டேபிள் டெய்லர். கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்னார் அம்பேத்கர். எங்கள் வளவே வெளியேறி பனியன் கம்பெனி பஸ்ஸில் ஏறியது. எந்தத் துணியைப் போடக் கூடாது என்று 1930இல் தடை விதித்தார்களோ, அந்தப் பனியனை நாங்கள் தைத்தோம். பண்ணாடியும் போட்டார், வெள்ளைக்காரனும் போட்டான். உடம்போடு ஒட்டிக் கிடக்கும் துணி அது. யார் கை பட்டது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததும் கம்பெனியை விட்டு வந்து இந்தத் தொழிலைத் தொடங்கினேன். வேஸ்ட் குடோனில் கட்டிங் வேஸ்ட்டைத் தரம் பிரித்து வைத்திருப்பார்கள். வெள்ளைக்கு ஒரு விலை, கலருக்கு ஒரு விலை. பெரும்பகுதி மறுபடி பஞ்சாக்கி நூல் நூற்கப் போய்விடும். அதில் பெரிய பிட்டுகளாகப் பொறுக்கி வாங்குவேன். பனியன் துணி இழுபடும், கனம் வைத்தால் பை தொங்கிவிடும். அதனால் உள்ளே பழைய ஜீன்ஸோ கெட்டிக் காட்டனோ வைத்துத் தைக்க வேண்டும். 2020இல் கொரோனா வந்தபோது அதே பிட்டுகளில் முகக்கவசம் தைத்தோம். எங்கள் கை தைத்த துணியை ஊரே மூக்கிலும் வாயிலும் கட்டிக்கொண்டு திரிந்தது. அப்போதும் யாரும் கேட்கவில்லை.

ஆனால் கேட்காமல் இருந்தது நாங்கள் யார் என்று தெரியாததால்தான். சந்தை எங்கள் பொருளைத் தீட்டிலிருந்து விடுவித்தது, எங்களை விடுவிக்கவில்லை. பை ஊருக்குள் போகும். தைத்தவள் வளவிலேயே இருப்பாள்.

இது உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு சின்ன நாடாத் துண்டு வைத்துத் தைக்க ஆரம்பித்தோம். தைத்தவர் பேரும் எங்கள் வளவின் பேரும் அதில் இருக்கும். எங்கள் பெண்களுக்கு அதில் அவ்வளவு பெருமை. பக்கத்து ஊரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் முந்நூறு தாம்பூலப் பை கேட்டார்கள். தைத்து அடுக்கி வைத்திருந்தோம். மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து பார்த்தார். ஒரு பையைத் திருப்பி நாடாவைப் படித்தார். "பை நல்லாருக்குது. இந்தப் பேரெல்லாம் எதுக்கு? தேங்கா பழம் வெச்சுக் குடுக்கறது, எடுத்துருங்க" என்றார். அதட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

அட்வான்ஸ் வாங்கி ஜிப்புக்கும் நூலுக்கும் செலவழித்தாயிற்று. நான் எடுத்துக் கொடுத்தேன். எடுத்தது நான் என்று சொல்வதும் பொய்தான். யார் பேர் இருந்ததோ அவரவரே உட்கார்ந்து பிசிர்க் கத்தரியால் தன் பேரைப் பிரித்து எடுத்தார்கள். எங்கம்மாவும் எடுத்தார். ஒருத்தரும் பேசவில்லை. முந்நூறு நாடாவும் ஒரு டப்பாவில் இன்னும் கிடக்கிறது. புடவை மூட்டையைத் திருப்பி அனுப்பத் தெரிந்த குடும்பத்துக்கு இந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பத் தெரியவில்லை. ஏன்? வேண்டாம் என்று சொல்வதற்கும் கையில் முதல் வேண்டும். அன்றைக்கு அது எங்களிடம் இல்லை. இதை நியாயம் என்று எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

இதற்கு நேர்மாறான கூத்து ஒன்றும் நடந்தது. 2021 டிசம்பரில் அரசாங்கம் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு பஸ் ஏறினால் பட்டிக்காடு என்று சிரித்தவர்கள் துணிப்பையைத் தேடி வந்தார்கள். சென்னையில் ஒரு கடை எங்களிடம் பை எடுத்தது. கணக்கைச் சொல்கிறேன். துணி 15 ரூபாய். உள்துணி, ஜிப், நூல் 22. தையல் கூலி 35. வெட்டுக்கூலி, கரண்டு, வாடகை 13. ஆக 85. நாங்கள் கொடுத்தது 120க்கு. அந்தக் கடை போட்டது 650. அதைக்கூட வியாபாரம் என்று விட்டுவிடலாம். அவர்கள் எங்கள் பெண்களின் போட்டோ கேட்டார்கள். எவ்வளவு கஷ்டப்பட்டோம் என்று நாலு வரி கேட்டார்கள். அதை அட்டையில் அச்சடித்துத் தொங்கவிடுவார்களாம். இங்கே பேரை எடு என்றார்கள், அங்கே கண்ணீரையும் சேர்த்துக் கொடு என்றார்கள். அந்த 650 ரூபாயில் எவ்வளவு பைக்கு, எவ்வளவு வாங்குகிறவரின் இரக்கத்துக்கு? விலையே சில நேரம் பழம்புடவையாக மேலிருந்து விழுகிறது. அதே கடையில் வாங்கிய ஒருவர் ஜிப் சிக்குகிறது என்று பையைத் திருப்பி அனுப்பினார். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குச் சந்தோசமாக இருந்தது. அவர் ஒருத்தர்தான் தையலைப் பார்த்திருக்கிறார். ஜிப்பை மாற்றி அனுப்பினேன்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் வெட்டிப் பேச்சு.

எங்கள் செட்டில் ஐந்து பேர் தைக்கிறோம். அதில் ஒரு பெண் ஒடிசாவிலிருந்து வந்தவள். புருசன் சாயப்பட்டறையில் வேலை. அந்தக் கார் வந்து போன நாலாம் நாள், தீபாவளி சமயமாயிற்றே என்று, நான் இரண்டு தரம் கட்டிய ஒரு புடவையை மடித்து அவளிடம் நீட்டினேன். நல்ல புடவை. அவள் வாங்கவில்லை. புடவையையும் என் முகத்தையும் பார்த்தாள். "அக்கா, இதுக்குக் கூலியில எவ்ளோ பிடிக்கும்?" என்று கேட்டாள்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எங்கம்மா மிஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொம்புக்காரர் பாஷையில் பேசினாள், நான் பண்ணாடிச்சி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதை எத்தனையோ கூட்டங்களில் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். அடியில் கிடக்கிறவருக்கும் காலுக்குக் கீழே ஒரு ஆளைக் காட்டிவிடுவதுதான் சாதியின் சாமர்த்தியம். ஒடிசாக்காரி என்ன சாதி என்று நான் கேட்டதில்லை. கேட்காமலேயே அவளைக் கீழே நிறுத்த எனக்குத் தெரிந்திருக்கிறது. புடவை கொடுத்தால் கூலி பேச்சு தள்ளிப் போகும் என்ற நினைப்பும் எனக்குள் எங்கோ இருந்திருக்க வேண்டும். மூன்று மாசமாக அவள் கூலி கூட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புடவையை வீட்டுக்கு எடுத்துப் போனேன். நோட்டைப் பிரித்துக் கணக்குப் போட்டேன். தையல் கூலியை ஐந்து பேருக்கும் 42 ஆக்கினேன். பை ஒன்றுக்கு 35 ரூபாய் நின்றது இப்போது 28தான் நிற்கிறது. சில மாசம் வாடகைக்கே இழுபறி. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த ஏழு ரூபாய் அவர்களுக்கு முன்பே சேர வேண்டியது.

இப்போது செட்டு வாசலில் ஒரு பலகை இருக்கிறது. 'பழைய துணி எடைக்கு எடுக்கப்படும். இலவசமாக வாங்குவதில்லை.' படித்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. காசை வாங்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. நாடாவும் மறுபடி வைக்கிறோம், ஒடிசாப் பெண்ணின் பேரும் அதில் இருக்கிறது. ஆர்டர் பேசும்போதே 'பேர் இருக்கும்' என்று சொல்லிவிடுகிறோம். அதனால் இரண்டு கல்யாண ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. மூன்றாவதாக ஒன்று வந்தால், அந்த மாசம் வாடகை பாக்கி இருந்தால், நான் என்ன சொல்வேன்? அந்த டப்பாவை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.