கைதட்டல் எதற்குச் சான்று?

திங்கள்கிழமை மதியக் காட்சி முடிந்ததும் அரங்கத்தின் மேலாளர் அறிக்கை எழுத உட்காருவார். அமெரிக்காவில் கீத் நிறுவனத்தின் வாட்வில் அரங்குகளில், அதாவது பாட்டு, நகைச்சுவை, வித்தை எனப் பல ஐட்டங்களை அடுத்தடுத்து மேடையேற்றிய அரங்குகளில், வாராவாரம் நடந்த வேலை இது. அன்று மேடையேறிய ஐட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எத்தனை நிமிடம் ஓடியது, கூட்டம் எங்கே சிரித்தது, எங்கே நெளிந்தது, எந்த வசனத்தை வெட்டச் சொன்னேன் என்றெல்லாம் குறித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார். அந்தக் கலைஞருக்கு அடுத்த ஊரில் மேடை கிடைக்குமா, சம்பளம் ஏறுமா என்பதில் அந்தத் தாளுக்குப் பங்கு இருந்தது. 1900களின் தொடக்க ஆண்டுகளில் எழுதப்பட்ட அந்த அறிக்கைகள் இன்று அயோவா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

பெஞ்சமின் கீத் 1885இல் பாஸ்டன் நகரில் காலை முதல் இரவு வரை இடைவிடாது ஓடும் காட்சியைத் தொடங்கினார். குடும்பத்தோடு வரலாம், ஆபாசம் இருக்காது என்பதுதான் அவரும் கூட்டாளி எட்வர்ட் ஆல்பியும் விற்ற சரக்கு. கலைஞர்கள் அதற்கு ‘சண்டே ஸ்கூல் சர்க்யூட்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சோம்பேறி, அழுக்கன் என்று திட்டப் பயன்படும் ‘ஸ்லாப்’ என்ற சாதாரணச் சொல்லைக்கூட மேடையில் உச்சரிக்கக் கூடாது; மீறினால் ஒப்பந்தம் போய்விடும் என்று மேடைக்குப் பின்னால் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்.

சுத்தம் என்றால் என்ன என்று கேட்காமல் சுத்தத்தைக் காவல் காத்தவர்களைப் பற்றித்தான் எனக்குக் கோபம். வாயிலிருந்து வரும் சொல்லை வடிகட்டினார்கள். அதே மேடையில் ஒரு பிள்ளையைத் தூக்கி எறிந்தபோது, கூட்டம் எவ்வளவு சிரித்தது என்று கணக்குப் பார்த்தார்கள்.

அந்தப் பிள்ளை, பின்னாளில் திரைப்பட நகைச்சுவை நடிகரான பஸ்டர் கீட்டன். பிறந்தது 1895இல். ஐந்து வயதிலேயே ‘த்ரீ கீட்டன்ஸ்’ குழுவில் அப்பா, அம்மாவோடு மேடையில் இருந்தான். அப்பா ஜோ அவனைத் தூக்கித் திரைச்சீலை மேல் வீசுவார், வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தில் போடுவார், சில நாள் பார்வையாளர் பக்கமே எறிவார். வீச வசதியாக அவன் சட்டை முதுகில் ஒரு சூட்கேஸ் கைப்பிடியைத் தைத்திருந்தார்கள். விழுந்து எழும்போது தான் சிரித்தால் கூட்டம் குறைவாகச் சிரிக்கிறது என்பதைப் பையன் கண்டுபிடித்தான். அதிலிருந்து முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டான். பிற்காலத்தில் உலகம் கொண்டாடிய அந்தச் சிரிக்காத முகம் இங்கே கற்றுக்கொண்ட பாடம்.

கீட்டன் கடைசிவரை அப்பாவை விட்டுக்கொடுக்கவில்லை. விழக் கற்றுக்கொடுத்தார்கள், அடிபடவில்லை, அதிகாரிகள் சட்டையைக் கழற்றித் தேடியும் காயம் கிடைக்கவில்லை என்றே சொல்லிவந்தார். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. வேண்டாம் என்று சொல்லும் வயசும் வழியும் இல்லாத பிள்ளையின் சம்மதத்தைப் பெரியவனான பிறகு அவரே தந்துவிட்டால், அன்று சிரித்தவர்கள் கைகழுவிவிடலாமா? அவர்களுக்குக் காயம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. 1917இல் அந்தக் குழு கலைந்ததே அப்பாவின் குடியால்தான். போதையில் இருப்பவர் வீசும்போது விழுகிறவன் எவ்வளவு பயிற்சி பெற்றிருந்தாலும் பயனில்லை. நிதானத்தில் வீசியதற்கும் போதையில் வீசியதற்கும் இருக்கையிலிருந்து பார்த்தால் என்ன வித்தியாசம் தெரிந்திருக்கும்? கைதட்டல் இரண்டுக்கும் ஒன்றுதான்.

கூட்டம் ரசித்தது என்பது ஒரு தகவல். ரசித்ததால் அது சரி என்பது ஒரு தாவல். நடுவில் காரணம் என்று ஒன்று வேண்டாமா? கோயிலில் கூட்டம் சேர்ந்ததால் சாமி உண்டு என்று சொன்னால் பகுத்தறிவாளர் ஒப்புக்கொள்வதில்லை. அரங்கில் கூட்டம் சேர்ந்தால் மட்டும் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

பெர்ட் வில்லியம்ஸை எடுத்துக்கொள்வோம். பஹாமாஸில் பிறந்த கறுப்பினத்தவர். வெளிர்ந்த நிறம், திருத்தமான பேச்சு. மேடைக்குப் போகுமுன் சுட்ட கார்க்கின் கரியை முகத்தில் பூசுவார், சுருட்டை முடி விக் வைப்பார், கைகளைக் கையுறையில் மறைப்பார். கறுப்பர் எப்படிப் பேசுவார் என்று வெள்ளையர் நினைத்துவைத்திருந்த கொச்சையை வேற்றுமொழி போலப் படித்துப் பேசினார். கறுப்பர் ஒருவரைத் தங்கள் கற்பனைக் கறுப்பராக வேஷம் போடவைத்துத்தான் அந்தக் கூட்டத்தால் ரசிக்க முடிந்தது. 1910இல் தயாரிப்பாளர் ஸீக்ஃபெல்டின் ‘ஃபாலீஸ்’ மேடை நிகழ்ச்சியில் அவர் சேர்ந்தபோது கூட நடிப்பவர்கள் வெளியேறுவோம் என்று மிரட்டினார்கள். பல அரங்குகளில் அவர் இனத்தவர் டிக்கெட் வாங்கினால் மேல்மாடி கேலரியில்தான் உட்கார முடிந்தது. வில்லியம்ஸ் அந்தக் கரிக்குள்ளிருந்தே ஏமாந்து நிற்கும் மனிதனின் சோகத்தைக் காட்டினார். அந்தக் காலத்தின் மிகப் பெரிய நகைச்சுவைக் கலைஞர்களில் ஒருவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கலைஞர் பெரியவர் என்பதால் கரி நியாயமாகிவிடாது. கரி அநியாயம் என்பதால் கலைஞர் சிறியவராகிவிடவும் மாட்டார். மதிப்பெண் போடுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் தீர்ப்பு கெடுகிறது.

எந்தக் கேலி எப்போது மேடையைவிட்டு இறங்கியது என்று பார்த்தால் இன்னும் கசப்பான ஒன்று தெரியும். ரஸ்ஸல் சகோதரர்கள் பெண் வேடமிட்டு ஐரிஷ் வேலைக்காரிகளைக் கிண்டல் செய்யும் ஐட்டம் பல ஆண்டுகள் ஓடியது. 1907இல் நியூயார்க்கின் ஐரிஷ் அமைப்புகள் அரங்குக்குள் புகுந்து கூச்சல் போட்டன, கையில் கிடைத்ததை எறிந்தன. ஐட்டம் படுத்துவிட்டது. மேலாளர்களுக்கு அன்று திடீரென்று அறம் புரிந்துவிட்டதா? இல்லை. ஐரிஷ்காரர்களிடம் அதற்குள் ஓட்டு இருந்தது, நகராட்சியில் ஆள் இருந்தார்கள், டிக்கெட்டுக்குக் காசு இருந்தது. கேலரியில் உட்காரவைக்கப்பட்ட கறுப்பர்களிடம் அந்தப் பலம் இல்லை.

கூட்டம் ரசித்தால் போதும் என்ற அதே கணக்கில், மனோசக்தி என்று சொல்லிக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன ஆனா ஈவா ஃபே போன்றவர்களை அதே மேடைகள் ஏற்றுக்கொண்டன. அவர் தன் தந்திரங்களை 1924இல் வித்தைக்காரர் ஹூடினியிடம் ஒப்புக்கொண்டார். ஹூடினியும் வாட்வில்காரர்தான், பூட்டைத் திறந்து பிழைத்தவர். ஆனால் பூட்டு திறந்தது ஆவியின் துணையால் என்று சொல்லவில்லை. செத்த பிள்ளையைப் பற்றித் துண்டுச்சீட்டில் கேள்வி எழுதிக் கொடுத்த தாய்க்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

பார்வையாளர் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு ஒரு முறை பதில் கிடைத்தது. எழுத்தாளர் ஜாக் லண்டன், தான் இறந்த பிறகு 1917இல் வெளிவந்த நாவலின் முன்னுரையில் விலங்குகளைப் பழக்கும் கொடுமையைச் சொல்லி, அந்த ஐட்டம் வரும்போது எழுந்து வெளியே போய்விடுங்கள், முடிந்ததும் திரும்பி வாருங்கள் என்று கேட்டிருந்தார். அடுத்த ஆண்டே பாஸ்டனில் அவர் பெயரில் சங்கம் தொடங்கி, ஆயிரக்கணக்கானோர் அப்படி எழுந்து போவதாக உறுதி எடுத்தார்கள். மேலாளருக்குக் காலி இருக்கை எந்த வாதத்தைவிடவும் வேகமாகப் புரிந்தது. 1925இல் ரிங்லிங் சர்க்கஸே சிங்கம், புலி ஐட்டங்களை நிறுத்தியது.

இரண்டே ஆண்டு கழித்து, வாட்வில்லில் வளர்ந்த ஆல் ஜால்சன் ‘ஜாஸ் சிங்கர்’ படத்தில் முகம் முழுக்கக் கரி பூசிக்கொண்டு அம்மாவை நினைத்துப் பாடினார். அரங்குகள் நிறைந்தன.