யாருடைய வலி?

வண்டலூர் - கேளம்பாக்கம் சாலை. வண்டி அடித்து, இடுப்பு முறிந்து கிடக்கிறது ஒரு புள்ளிமான். என்ன செய்வீர்கள்? 'துடிக்குதே, ஒரேயடியா முடிச்சுடலாம்' என்று ஒரு மனசு சொல்லும்.

1928-ல் சபர்மதி ஆசிரமத்தில், பிழைக்க வழியில்லாத கன்றுக்குட்டியை ஊசி போட்டுக் கொல்லச் சம்மதித்தார் காந்தி. 'இதுவா அகிம்சை?' என்று திட்டித் தீர்த்தார்கள். ஆனால் கவனியுங்கள்... வைத்தியம் பார்த்து, டாக்டர் கைவிரித்த பிறகே அது நடந்தது.

நடுரோட்டில் நமக்கு அந்தத் தெளிவு ஏது? 1972 வனவிலங்குச் சட்டமும் அந்த முடிவை அதிகாரிகளிடம்தான் விட்டிருக்கிறது.

நம் வேலை வேறு. வனத்துறைக்குப் போன் போடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடலாம். கூட்டத்தை விலக்குங்கள், பயமே மானைக் கொன்றுவிடும்.

பார்க்கச் சகிக்காமல் முடித்துவிட நினைப்பது பெரும்பாலும் நம் வலிக்குத்தான் மருந்து. அதன் வலிக்காக அரை மணி நேரம் காவல் நிற்பீர்களா?