மௌனத்தின் உடைமையாளர்

1990-ஆம் ஆண்டில் நியூசிலாந்து அரசாங்கம் தொலைக்காட்சிக்குரிய அலைவரிசைகளை ஏலத்தில் விட்டபோது, வென்றவர் தாம் கேட்ட தொகையைச் செலுத்தவேண்டியதில்லை, தமக்கு அடுத்தபடியாக நின்றவர் கேட்ட தொகையைச் செலுத்தினால் போதும் என்று ஒரு விசித்திரமான விதியை வகுத்திருந்தபடியால், ஒரு லட்சம் டாலருக்குக் கேட்ட நிறுவனமொன்று ஆறே டாலரைச் செலுத்திற்று. ஒரு சிறு நகரத்துக்குரிய அலைவரிசையை ஒரு டாலருக்குக் கேட்ட மாணவர் ஒருவர், போட்டிக்கு வேறெவரும் வாராமையால், ஒன்றுமே கொடாமல் பெற்றுக்கொண்டார். இருபது ஆண்டுகள் கழித்து நம் தேசத்தில் மூன்றாம் தலைமுறைக் கைப்பேசிக்கான அலைக்கற்றை 67,000 கோடி ரூபாய்க்கு மேல் விலைபோயிற்று. இத்தனை பேதமான விலைகளை ஏற்கும் இந்தப் பண்டம் யாது, இதனை விற்பதற்கு விற்றவருக்குள்ள அதிகாரம் எங்கிருந்து வந்தது என்னும் வினா, பொருளாதார சாஸ்திரத்தின் எல்லைக்குள் அடங்குவதாக எனக்குத் தோன்றவில்லை.

சப்தத்தைக் குணமாக உடைய திரவியம் ஆகாசம் என்றும், அது ஏகம், நித்தியம், சர்வவியாபி என்றும், இந்திரியங்களுக்குப் புலப்படாமையால் அநுமானத்தாலேயே அறியத்தக்கது என்றும் நியாய வைசேஷிகர் நிறுவினர். கடல்கடந்த குரலைக் கைப்பேசியில் கேட்ட நம்மவருள் சிலர், இதனை ரிஷிகள் அன்றே அறிந்திருந்தனர் என்று பூரித்துப்போவதுண்டு. அந்தப் பூரிப்பில் எனக்கு ருசியில்லை. கோபுரத்திலிருந்து புறப்படுவது சப்தமன்று, ஒளியின் இனத்தைச் சேர்ந்த மின்காந்த அலை. அது பரவுதற்கு ஈதர் என்றொரு ஊடகம் வேண்டும் என்று ஐரோப்பியர் கொண்டிருந்த நம்பிக்கையும், 1887-இல் மைக்கெல்சனும் மார்லியும் செய்த சோதனைக்குப் பின் தளர்ந்து ஒழிந்தது. எனினும், குடத்துக்குள் அடைபட்டதுபோல் தோன்றும் ஆகாசம் குடம் உடைந்ததும் வெளியோடு கலப்பதுமில்லை, ஏனெனில் அது ஒருபோதும் பிரிந்திருந்ததே இல்லை என்று அத்வைதிகள் சொல்லிவந்தார்களே, அந்த விளக்கம் இங்கே உதவுகிறது. 700 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய 43 சென்டிமீட்டர் நீளமுடையதாய்ச் சுவரையும் ஊடுருவிச் செல்வதும், 26 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு சென்டிமீட்டர் அளவினதாய் மரத்தின் இலைச்செறிவுக்கே தயங்கி நிற்பதும் இயற்கை செய்த பேதங்கள். ஆனால் இந்த எண்ணிலிருந்து அந்த எண் வரை ஒருவருக்கு, அதற்கப்பால் மற்றொருவருக்கு என்று இட்ட கோடு, அந்தக் குடத்தைப்போல், மனிதன் ஏற்றிய உபாதியேயாகும்.

அப்படியானால் ஏலத்தில் கைமாறுவது எது? எத்தனை கோடிப் பேர் பேசினாலும் அலைக்கற்றை தேய்வதில்லை. பேச்சு நின்ற கணமே அது பழைய முழுமையோடு இருக்கிறது. உரிமம் பெற்ற நிறுவனத்துக்கு அரசாங்கம் கொடுப்பதெல்லாம், இந்தப் பிரதேசத்தில் இந்த அலைவரிசையில் வேறெவரும் வாய்திறவார் என்ற உறுதிமொழி ஒன்றுதான். விற்கப்படும் சரக்கு மற்றவர்களுடைய மௌனம்.

இதனைக் கவித்துவமாகச் சொல்வதாக வாசகர் நினைக்கவேண்டாம். சென்ற நூற்றாண்டில் கப்பல்களின் வானொலி அறைகளில் தொங்கிய கடிகாரங்களில், மணி கடந்த 15 முதல் 18 நிமிடம் வரையிலும், 45 முதல் 48 வரையிலும் சிவப்பு வர்ணம் தீட்டியிருப்பார்கள். உலகத்துக் கடல்களிலெல்லாம் அந்த மும்மூன்று நிமிடங்களில் 500 கிலோஹெர்ட்ஸில் செய்தி அனுப்புவோர் யாவரும் கைகளை எடுத்துவிட்டு, எங்கேனும் மூழ்கும் கப்பலொன்று மெலிந்த குரலில் அபயம் கேட்கிறதா என்று செவிசாய்த்திருக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. மாலுமிகள் கடைப்பிடித்த மௌன விரதம் என்று இதனைச் சொல்வதில் பிழையில்லை. உதகமண்டலத்தை அடுத்த முத்தொரையில், கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் அமைந்த வானொலித் தொலைநோக்கி இதற்கு இன்னும் தெளிவான சாட்சி. அரை கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு, அவ்விடத்து அட்சரேகைக்கு ஒத்த சரிவுள்ள மலைப்பக்கத்தில் கிடக்கும் அந்தக் கருவி ஒரு சிறு துடிப்பையும் வெளியிடுவதில்லை. 327 மெகாஹெர்ட்ஸை ஒட்டி அது கேட்டுக்கொண்டுமட்டும் இருக்கிறது. அதற்கு வாய்த்த பங்கு முழுவதும் பிறர் பேசாமையே. ஹைட்ரஜன் அணுவின் குரல் வரும் 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரையிலோ, எந்தத் தேசத்தாரும் எதையும் ஒலிபரப்பலாகாது என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

மௌனம்தான் பண்டம் என்றால், அதன் உடைமையாளர் மௌனமாயிருப்பவர்களே அல்லவா? அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து என்று நம் உச்சநீதிமன்றம் 1995-இல் உரைத்ததும், 2012-இல் 122 அலைக்கற்றை உரிமங்களை ரத்து செய்தபோது அரசாங்கத்தை இயற்கை வளங்களின் தர்மகர்த்தா என்ற ஸ்தானத்தில் நிறுத்தியதும் இந்த நியாயத்துக்கு இணங்கியவை. ஆனால் பொதுமக்கள் என்ற சொல்லுக்குள் எல்லாரும் சமமாக அடங்கிவிடுகிறார்களா என்ற சங்கடமான கேள்வியை எழுப்பியவர்கள் நியூசிலாந்தின் மாவோரி மக்கள். வானத் தந்தையும் பூமித் தாயும் இருளில் தழுவிக் கிடந்தனர். ‘தானே’ என்னும் பெயருடைய மகன் தந்தையை மேலே உந்திப் பிரித்தபோது நடுவே வெளியும் வெளிச்சமும் பிறந்தன. அந்த வெளியில் உள்ளவற்றுக்குத் தாங்கள் காவலர் என்பது அவர்களுடைய மரபு. 1840-இல் பிரிட்டிஷ் அரசியோடு செய்த வைதாங்கி ஒப்பந்தம் தங்கள் பொக்கிஷங்களைத் தங்களுக்கே உறுதி செய்திருக்க, அலைக்கற்றையை மட்டும் அரசாங்கம் எப்படித் தனித்து விற்கலாம் என்று அவர்கள் வழக்காடினார்கள். அன்று அலைக்கற்றையை அறிந்தவர் யார் என்பது எதிர்வாதம். உண்மைதான், அவ்வாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானபோது மின்காந்த அலையைக் கணிதத்தால் முன்னறிந்து கூறிய மாக்ஸ்வெல் எட்டு வயதுச் சிறுவர், அதனைச் சோதனையில் காட்டிய ஹெர்ட்ஸ் பிறக்கவேயில்லை. ஆனால் அறியாமை ஒரு தரப்பின் உரிமையை அழிக்குமானால் அதே அறியாமையிலிருந்த மறுதரப்பின் உரிமையையும் அழிக்கவேண்டுமே! நட்சத்திர ஒளியைக் கொண்டு பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து வந்தவர்களின் சந்ததியார், அந்த ஒளியோடு ஒரே வரிசையில் அமைந்த அலைகளில் தமக்கும் பங்குண்டு என்று கேட்டதை நகைப்பதற்கில்லை என்பதே என் துணிபு.

1999-இல், அந்த ஒப்பந்தம் பற்றிய முறையீடுகளை விசாரிக்கும் வைதாங்கி நடுவர் மன்றத்துப் பெரும்பான்மையோர் அவர்களுக்கு நியாயமான பங்கு உண்டு என்று கூறினர். அரசாங்கம் அதனை ஏற்காமல், அடுத்த ஆண்டில் ஓர் அறக்கட்டளை வாயிலாக விலையில் 5 சதவீதச் சலுகையும் 50 லட்சம் டாலரும் தருவதோடு நின்றுகொண்டது. 2022-ஆம் ஆண்டிலேதான், இனி நாடு முழுவதற்குமாக வணிகத்துக்கு ஒதுக்கப்படும் அலைக்கற்றையில் 20 சதவீதம் மாவோரி மக்களுக்குரியது என்று ஒப்புக்கொண்டு அது கையொப்பமிட்டது.