கைத்தொழிலும் கையொப்பமும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பெற்றோர் வீட்டு மாடியறையில் இருந்துகொண்டு, புத்தகங்களுக்கு அட்டையும், பலகாரக் கடைகளுக்குப் பெட்டியும், கலியாணப் பத்திரிகைகளும், புதிதாகத் தொடங்கும் வியாபாரங்களுக்கு இலச்சினைகளும் கணினியில் வரைந்து கொடுத்து, எவரிடமும் மாதச் சம்பளத்துக்கு அமராமல் ஜீவனம் நடத்திவரும் என் நண்பரின் மகள், ஆருத்ரா தரிசனத்துக்காக நாங்கள் எல்லோரும் சிதம்பரம் சென்றிருந்த ஒரு மார்கழியில் என்னைத் தனியே அழைத்து ஒரு விஷயம் கேட்டாள். “பெரியப்பா, தொழிலை என் பெயரில் பதிந்துகொள்ளச் சொல்கிறார் ஆடிட்டர். அப்பாவோ, வரைகிற கை சரஸ்வதி கொடுத்தது, அதற்குப் பெயர்ப்பலகை மாட்டி விலை போடுவது அகங்காரம் என்கிறார். இரண்டில் எது சரி?” என்றாள்.

கேள்வி சிறியதுதான். ஆனால் அதன் வேர் ஆழமானது. ஒருவன் தன் கையால் ஒன்றைச் செய்கிறான். அதை உலகத்துக்குக் கொடுக்கிறான். கொடுக்கும்போது தன் பெயரையும் சேர்த்துக் கொடுப்பது ஞானத்துக்கு விரோதமா, அல்லது தர்மத்தின் ஓர் அங்கமா? இதற்கு உடனே விடை சொல்லத் துணியாமல், அவளை வடக்குக் கோபுர வாயிலுக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

அந்தக் கோபுரத்தை, சிம்மாசலம் பொட்னூரில் ஜயஸ்தம்பம் நாட்டித் திரும்பிய கிருஷ்ணதேவராயர் கட்டுவித்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. காலம் 1516-ஐ ஒட்டியது. வாயிலின் உட்புறத்தில் அரசருடைய உருவச் சிலை இருக்கிறது. அதே வாயிலில், போகிற அவசரத்தில் பெரும்பாலோர் கவனியாமல் விட்டுவிடும் வேறு நான்கு உருவங்களும் உண்டு. விருத்தகிரி என்னும் விருத்தாசலத்திலிருந்து வந்த ஸ்தபதி ஒருவர், அவருடைய மகன் விசுவமுத்து, திருமருங்கன் என்னும் ஆசாரி, அவருடைய தம்பி காரணாச்சாரி ஆகிய இந்நால்வரும் கோபுரத்தை எழுப்பிய சிற்பிகள். அவர்களுடைய உருவங்களுக்குப் பக்கத்திலேயே பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. விருத்தாசலம் இன்றும் கடலூர் மாவட்டத்து ஊர். ஆகவே, தொழில் நிமித்தம் பக்கத்து ஊருக்கு வந்து, எடுத்த வேலையை முடித்து, தம் பெயரை எழுதிவிட்டுப் போன நம்மூர்க் கைவினைஞர்கள் என்றே அவர்களைச் சொல்லலாம்.

அவள் அந்தப் பெயர்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் பெரியோர் செய்தார்கள் என்பது ஒன்றே ஒரு செயலுக்கு நியாயமாகிவிடாது. அவளுடைய தந்தையின் ஆக்ஷேபத்தை அதன் முழு வலிமையோடு கேட்டுப் பார்ப்பதுதான் முறை.

தில்லை என்னும் சிதம்பரத்துக்கு அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவம் முதலான சைவ சித்தாந்த ஆசாரியர்கள், உயிரைப் பற்றிய மூன்று மலங்களில் முதலாவதாக எண்ணுவது ஆணவம். ‘நான்’ என்றும் ‘என்னுடையது’ என்றும் எழும் எண்ணமே உயிரைத் தன் தலைவனிடமிருந்து மறைக்கும் இருள் என்பது அவர்கள் கொள்கை. கீதை கூறும் கர்மயோகமும், செய்பவன் என்ற அபிமானத்தை விட்டுச் செய் என்றே உபதேசிக்கிறது. நடராஜப் பெருமானின் செப்புத் திருமேனியை முதன்முதலில் மெழுகில் வடித்துப் பார்த்த கை எவருடையது என்று எந்தக் கல்வெட்டும் கூறவில்லை. அந்த மௌனத்தை ஒரு மகத்தான தியாகமாகக் கொண்டாடுவோர் பலர். இப்படியிருக்க, ஓர் இலச்சினையை வரைந்துவிட்டு ‘இது என்னுடையது’ என்று சர்க்காரின் பதிவேட்டில் எழுதிவைப்பது மலத்துக்கு மேல் மலம் சேர்ப்பதாகாதா என்று கேட்டால், அக்கேள்வியை அற்பமென்று தள்ளிவிட முடியாது.

எனினும், பெயரில்லாமை எல்லாம் தியாகமன்று என்பதை நாம் முதலில் தெளிய வேண்டும். தானே துறந்த பெயர் வேறு. பிறர் பறித்துக்கொண்ட பெயர் வேறு. ஆதனூரில் பிறந்த நந்தனார், கோயில் முரசுகளுக்குப் போர்வைத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்துவந்தார் என்று சேக்கிழார் பாடுகிறார். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் சென்று முழங்கியது. அவர் கொடுத்த நரம்பு சந்நிதியிலே இசைத்தது. கொடுத்த மனிதர் மட்டும் மதிலுக்கு வெளியே நின்றார். செய்த பொருள் உள்ளே போக, செய்தவன் வெளியே நிற்கும் நிலையைத் துறவென்று புகழ்வோமானால், அதைக்காட்டிலும் பெரிய அநியாயம் வேறில்லை.

இதே அநியாயம் வியாபாரத்தின் வழியாகவும் இந்தக் கடற்கரையில் நிகழ்ந்திருக்கிறது. 1690-இல் ஆங்கிலக் கம்பெனியார் மராத்தியரிடமிருந்து கடலூருக்கு அருகே ஒரு கோட்டையை விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டதற்கு, இந்தக் கரையின் துணி வியாபாரம் ஒரு முக்கியமான காரணம். முன்பணம் கொடுத்து நெசவாளரைத் தம்மோடு பிணைத்துக்கொள்வது அந்நாளைய வழக்கம். முன்பணம் வாங்கிய தறி வேறொருவருக்கு நெய்யக் கூடாது. புதுச்சேரியில் அவுரி நீலம் தோய்ந்த துணி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நதிக்கரை வரை போயிற்று. அங்கே கோந்து வாங்குவதற்கு அத்துணியே நாணயம் போலப் புழங்கிற்று. அதற்கு வழங்கிய பெயரோ ‘கினி’ என்பது. வாங்கியவன் தேசத்தின் பெயர் துணிக்கு வந்தது. விற்ற கம்பெனியின் பெயர் கணக்கில் ஏறிற்று. நெய்தவன் பெயரும் தோய்த்தவன் பெயரும் எங்கும் எழுதப்படவில்லை. அந்த நெசவாளர் ஆணவ மலம் நீங்கியதால் பெயரை விடவில்லை. பெயரைக் கேட்பார் இல்லாததால் விடும்படியாயிற்று.

ஆகவே பெயர் என்பதில் இரண்டு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. ‘இது எனக்கு உரியது’ என்று உலகத்தைப் பார்த்துச் சொல்வது ஒன்று. ‘இதற்கு நான் பொறுப்பு’ என்று உலகத்துக்குக் கட்டுப்பட்டு நிற்பது மற்றொன்று. முன்னது ஆணவமாக முடியலாம். பின்னது ஆணவத்துக்கு மருந்து. ஏனெனில், பிழை செய்துவிட்டுப் பெயருக்குப் பின்னால் ஒளிய முடியாது. பெயரின்மைக்குப் பின்னால்தான் ஒளிய முடியும்.

இதற்குத் தில்லையிலேயே ஒரு சாக்ஷி இருக்கிறார். திருநீலகண்டக் குயவனார் மண்ணை வனைந்து, அடியார்களுக்குத் திருவோடு கொடுத்து வாழ்ந்தவர். தொழிலை விட்டபின் அவர் நாயனாராகவில்லை. குயவனார் என்ற தொழிற்பெயரோடேயே அறுபத்துமூவரில் ஒருவராக நிற்கிறார். ஒருநாள் சிவயோகி ஒருவர் ஓர் ஓட்டை அவரிடம் அடைக்கலமாக வைத்துப் போனார். திரும்பி வந்து கேட்டபோது ஓடு வைத்த இடத்தில் இல்லை. வேறு நல்ல ஓடு தருகிறேன் என்றார் குயவனார். யோகியோ, வைத்த ஓடே வேண்டும், இல்லையேல் மனைவியின் கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்றார். வழக்கு தில்லைவாழ் அந்தணர் சபைக்குப் போயிற்று. இளமையில் தாம் செய்த பிழையால் மனைவி திருநீலகண்டத்தின் மேல் இட்ட ஆணையையும், அதனால் இருவரும் ஒருவரையொருவர் தீண்டாமலே ஒரே வீட்டில் வாழ்ந்து மூப்படைந்ததையும், அத்தனை காலமாக அயலறியாமல் காத்த அந்தரங்கம் முழுவதையும், அவர் குளக்கரையில் எல்லோரும் கேட்கச் சொன்னார். ஒரு மூங்கிற் கழியின் இரு முனைகளையும் பற்றிக்கொண்டு கணவனும் மனைவியும் குளத்தில் மூழ்கி, இளமையோடு எழுந்தார்கள். இளமையாக்கினார் கோயில் இன்றும் சிதம்பரத்தில் இருக்கிறது.

தொழில் செய்பவனுடைய மனத்தோடு இந்தக் கதையைப் படிக்கும்போது எனக்குப் புலப்படுவது இதுதான்: ஒரு சாதாரண மண்ணோட்டுக்காக ஒரு கைவினைஞன் எல்லோர் முன்னிலையிலும் வந்து நின்று, தன் பெயரோடும் தன் குற்றத்தோடும் பதில் சொன்னான். ‘ஓடு போனது போகட்டும்’ என்று அவன் மறைந்துவிடவில்லை. அவ்வாறு நின்ற இடத்தில்தான் அருள் கிடைத்தது.

இனி, பதிவு என்று சர்க்கார் கேட்பது என்ன என்று பார்ப்போம். தனி ஒருவர் நடத்தும் தொழிலுக்கு நம் நாட்டில் தனியான சட்டப் பிறப்புக் கிடையாது. கம்பெனிக்குச் சட்டம் ஒரு தனி உயிரைக் கற்பித்துக் கொடுக்கிறது. கம்பெனியின் கடன் பொதுவாகப் பங்குதாரரின் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. தனியாள் தொழிலிலோ தொழிலும் ஆளும் ஒன்றே. அவருடைய வருமான வரி எண்ணே தொழிலின் எண். தொழிலின் கடன் அவருடைய கடன். சட்டம் கூறும் இந்த அபேதத்தை வேதாந்தியும் சற்று நின்று சிந்திக்கலாம். 2020 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள, சிறுதொழில்களுக்கான ‘உத்யம்’ பதிவுக்குக் கட்டணமில்லை. ஆதார் எண்ணும் வருமான வரி எண்ணும் தொழில் விவரமும் கொடுத்தால் போதும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரையில் ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகக் கட்டாயமுமில்லை.

கடலுக்கு அப்பாலும் இதே கருத்து வெவ்வேறு உருவில் வழங்குகிறது. நைஜீரியாவில் ஒருவர் தம் சொந்தப் பெயரிலேயே தொழில் செய்தால் வியாபாரப் பெயர்ப் பதிவு அவசியமில்லை. வேறொரு பெயரைச் சூட்டிக்கொண்டால்தான் அதைப் பதிய வேண்டும். தென்னாப்பிரிக்காவில் தனியாள் தொழில் செய்பவர் நிறுவனப் பதிவகத்தை நாட வேண்டியதில்லை; வரித்துறையிடம் தம்மைத் தெரிவித்துக்கொண்டால் போதும். பெரும்பாலும் மேற்கிலும் மத்தியிலும் உள்ள 17 ஆப்பிரிக்க நாடுகள் ‘ஓஹாடா’ என்னும் அமைப்பின் பொது வணிகச் சட்டத்தின் கீழ் ஒன்றுகூடியிருக்கின்றன; 2010-இல் திருத்திய அச்சட்டம், தனியாளாகச் சிறுதொழில் செய்பவர் வியாபாரப் பதிவேட்டில் ஏறாமல், தம் தொழிலை அறிவித்து மட்டும் நடத்த வழி செய்தது. லாகோஸிலோ டாக்கரிலோ இருந்து படம் வரைந்து பிழைக்கும் பிள்ளைக்கும், மஞ்சக்குப்பத்து மாடியறைப் பெண்ணுக்கும் சட்டம் கேட்கும் கேள்வி ஒன்றே: இந்த வேலைக்குப் பின்னால் நின்று பதில் சொல்லப்போகிறவர் யார்? இதற்கு விடை சொல்வது அகங்காரமன்று, அடக்கமே.

பதில் சொல்பவருக்குச் சட்டம் சில பாதுகாப்பையும் தருகிறது. பதிவு பெற்ற சிறுதொழில் செய்பவரிடம் வேலை வாங்கியவர், எழுத்தில் எவ்வளவு தவணை பேசியிருந்தாலும், 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும்; தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டியைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி சேரும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது. உரிமை முழுவதையும் விலைக்கு எழுதிக்கொடுத்த பின்னரும், இதைப் படைத்தவர் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தம் நற்பெயர் கெடும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் படைத்தவரிடமே நிற்கும் என்கிறது அப்பிரிவு. பொருள் கைமாறலாம், செய்தவன் என்ற சம்பந்தம் கைமாறாது. வடக்குக் கோபுரம் தங்களுடையதென்று அந்த நான்கு சிற்பிகளும் உரிமை கொண்டாடவில்லை, கோபுரம் கூத்தப்பெருமானுடையது. தாங்கள் செய்தோம் என்று மட்டுமே எழுதினார்கள்.

விலை வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. வடலூரில் 1867-இல் சத்திய தருமச்சாலையை நிறுவி அணையாத அடுப்பு மூட்டிய வள்ளலார், சிதம்பரத்துக்குப் பக்கத்திலுள்ள மருதூரில் பிறந்தவர். பசியைப் போக்குவதே ஜீவகாருண்யத்தின் முதற்படி என்பது அவருடைய போதனை. பிறர் பசியைப் போக்குவது புண்ணியமாயின், கைவினைஞனின் அடுப்பு எரிவதற்கு வேண்டிய கூலி மட்டும் எப்படி இழிவாகும்? இந்தப் பெண்ணிடம் மூன்று முறை திருத்தி வரைந்த வேலையை வாங்கிக்கொண்டு, ‘உனக்கு இது விளையாட்டுத்தானே அம்மா’ என்று சொல்லிப் பாதிக் கூலியை நிறுத்திக்கொண்ட ஒருவரை நான் அறிவேன். கலை தெய்வீகமானது என்ற பேச்சு அங்கே எதற்குப் பயன்பட்டது என்பதை நினைக்கும்போது நெஞ்சு வேகிறது. தெய்வத்தின் பெயரைச் சொல்லிக் கூலியைக் குறைப்பது, தெய்வத்தையும் கூலியையும் சேர்த்தே திருடுவதாகும்.

ஆனால் கலையின் பேரில் மெய்யான பக்தியால் பேசிய அவளுடைய தந்தைக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். அவர் அஞ்சிய ஆணவம் பொய்யன்று. பெயர் எழுதிய கை, எழுதிய பெயரையே பூசிக்கத் தொடங்கும் நாள் வரத்தான் கூடும். அதற்குக் காப்பு, திருவாமூரில் பிறந்து திருப்பாதிரிப்புலியூரில் கரையேறிய அப்பர் பெருமான் காட்டிய வழி. பணியைக் கடனென்று எண்ணி, கையில் உழவாரப்படை ஏந்தி, கோயில்தோறும் புல் செதுக்கினார் அவர். கடன் என்று எண்ணுபவனுக்குக் கையொப்பம் பெருமையாகாது; கடன்பட்டவன் பத்திரத்தில் இடும் கையொப்பமாகவே இருக்கும்.

ஆதலால் அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது இதுவே: “அம்மா, உன் சொந்தப் பெயரிலேயே பதிந்துகொள். கூலியைத் தொடக்கத்திலேயே எழுத்தில் பேசிக்கொள். தவறு வந்தால் உன் பெயரை முன்னிறுத்தித் திருத்திக் கொடு. புகழ் வந்தால் அதைக் கோபுரத்துக்கு விட்டுவிடு.” அவளுடைய தந்தை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

கடலூரிலும் சிதம்பரத்திலும் இத்தகைய இளைஞர்களிடம் வேலை கொடுப்பவர்களுக்கும் என் விண்ணப்பம் ஒன்று உண்டு. பேசிய கூலியைப் பேசிய நாளில் கொடுங்கள். அவர்கள் செய்ததை அவர்கள் செய்ததென்று சொல்லுங்கள். கோபுரம் கட்டுவித்த அரசர், தம் சிலை நிற்கும் வாயிலிலேயே சிற்பிகளின் பெயர்களுக்கும் இடம் இருக்கச் சம்மதித்தார். அதனால் அவருடைய கீர்த்தி ஐந்நூறு வருஷங்களாக ஒரு சிறிதும் குறையவில்லை.