ஹோம்ஸ் அகதாவுக்குச் செய்தது

மனைவிக்குத் தெரியாமல் அவள் பேச்சைப் பதிவு செய்து, அதை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக வைக்கலாமா? வைக்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டால் அந்த மணவாழ்க்கை ஏற்கெனவே முறிந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம் என்பது நீதிபதிகளின் பார்வை. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வேறொரு தம்பதியின் வழக்கில் எதிர்த்திசையில் நின்றது. மனைவியின் தொலைபேசி அழைப்பு விவரங்களை அவளறியாமல் எடுத்து வந்த கணவனிடம், தம்பதிக்குள்ளும் அந்தரங்கம் உண்டு, இதை ஏற்க முடியாது என்று அது சொல்லியிருந்தது.

இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே ஒரு தொழில் நடந்துகொண்டிருக்கிறது. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையை விசாரிக்க, கல்யாணத்துக்குப் பின் மனைவியைப் பின்தொடர, பங்காளியின் சொத்தை நோட்டம் பார்க்க என்று ஆள் வைப்பது நம் நகரங்களில் சாதாரணமாகிவிட்டது. 2018 தொடக்கத்தில் மராட்டியத்தின் தானே காவல்துறை தனியார் துப்பறிவாளர்கள் சிலரைக் கைது செய்தது. காவல்துறை முறைப்படி கேட்டுப் பெறவேண்டிய அழைப்புப் பட்டியல்களைத் திருட்டுத்தனமாக வாங்கி விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்த 2007-இல் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதா சட்டமாகவில்லை.

உண்மையைத் தேடுகிறவன் எந்த வழியிலும் போகலாமா என்பதே இங்கே கேள்வி. அதைக் கேட்டுப் பார்க்க ஷெர்லக் ஹோம்ஸைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. ஆர்தர் கோனன் டாயில் 1887-இல் படைத்த இந்த மனிதர் 4 நாவல்களிலும் 56 சிறுகதைகளிலும் வாழ்ந்து, துப்பறிவதை உலகின் கண்ணில் கௌரவமான தொழிலாக ஆக்கிவிட்டார். அவருடைய குறைகளைப் பட்டியலிடச் சொன்னால் எல்லோரும் கொக்கேனில் தொடங்குவார்கள். பூமி சூரியனைச் சுற்றுவதுகூடத் தெரியாது, புகழ்ச்சிக்கு மயங்குவார், காவல்துறை ஆய்வாளர் லெஸ்ட்ரேடை மட்டம் தட்டுவார், நள்ளிரவில் வயலின் வாசிப்பார் என்று பட்டியல் நீளும். இவையெல்லாம் அவரையே பாதிப்பவை, மிஞ்சினால் கூட இருப்பவரின் தூக்கத்தைக் கெடுப்பவை. அறத்தின் தராசில் ஏற வேண்டியது வேறொன்று. தான் தேடும் உண்மைக்காக, அதில் எந்தப் பங்கும் இல்லாத அப்பாவிகளைக் கருவியாக்கிக்கொள்ள ஹோம்ஸ் தயங்குவதே இல்லை. அது பெரும் பிழை. அவருடைய எந்த வெற்றியும் அதை ஈடுகட்டாது.

நல்ல குணங்களை முதலில் சொல்லிவிடுவதுதான் முறை. பணத்துக்கு ஆடாதவர், முடிந்தபோது செலவைக் கொடுத்தால் போதும் என்று ஏழைப் பெண்ணிடம் சொல்லக்கூடியவர். வழக்கைத் துலக்கிய பெருமையைக் காவல்துறைக்கு விட்டுக்கொடுப்பவர். 1902-இல் வந்த சர் பட்டத்தை மறுத்ததாக ஒரு கதையில் அவருடைய நண்பர் வாட்சன் எழுதுகிறார். பொஹீமிய மன்னர் கைநீட்டியதைக் கவனிக்காமல் திரும்பிப் போகும் மிடுக்கும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பிடித்தவனை விடத் தெரிந்தவர். நீலக்கல் கதையில் திருடன் ரைடர் காலில் விழுந்து அழுகிறான். இவனைச் சிறைக்கு அனுப்பினால் ஆயுள் முழுவதும் சிறைப்பறவை ஆகிவிடுவான் என்று கதவைத் திறந்து விடுகிறார் ஹோம்ஸ். பழி சுமந்து கிடக்கும் குழாய்த் தொழிலாளியும் இனி விடுதலையாவான் என்பதை நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் விடுகிறார். கடமை கெடாமல் கண்ணோட்டம் காட்டுகிறவர்க்கே உலகம் உரியது என்று 578-ஆம் குறள் சொல்லும் நிலை இதுதான்.

பரிமேலழகர் கொண்ட வைப்பு முறையில் கண்ணோட்டம் 58-ஆம் அதிகாரம், ஒற்றாடல் 59-ஆம் அதிகாரம். இரக்கம் பழகிய கண்ணே வேவு பார்க்கத் தகுதி உடையது என்று அந்த வரிசையில் பொருள் காண இடமுண்டு. ஒற்றாடலைப் படித்தால் இன்னொன்றும் தெரியும். யாவர்க்கும் நிகழ்வதை எப்போதும் விரைந்து அறிவது வேந்தனின் தொழில் என்கிறார் வள்ளுவர் (582). அந்த அதிகாரம் முழுவதும் பேசுவது அரசனின் ஒற்றனைப் பற்றி. ஒருவன் கொண்டுவந்த செய்தியை இன்னொருவனைக் கொண்டு ஒத்துப்பார்க்க வேண்டும் (588), ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒன்றுபட்டால்தான் நம்ப வேண்டும் (589) என்று கட்டுக்கு மேல் கட்டுப் போடுகிறார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் மூவர் சொல் ஒத்திருக்க வேண்டும் என்கிறது. வேவு என்பது அரசு கையாள வேண்டிய கூர்மையான ஆயுதம், அதையும் உறையோடுதான் வைக்க வேண்டும் என்பதில் வடக்கும் தெற்கும் ஒன்றுபட்டே இருந்தன. துறவி வேடம் போடலாம் என்று வள்ளுவரே சொல்கிறாரே (586) என்று யாரேனும் எடுத்துக்காட்டலாம். வேந்தனுக்குச் சொன்னது வேந்தனுக்கே. காசு கொடுத்தவர் யாராயினும் அவருக்காக வேடம் கட்ட அந்தக் குறள் உரிமை தரவில்லை.

ஹோம்ஸை ஒத்துப்பார்க்க யார் இருக்கிறார்கள்? வாட்சன் ஒருவர்தான், அவரும் கடைசியில் தலையாட்டிவிடுவார்.

1904-இல் வந்த ஒரு கதையில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ரக்பி அணியின் ஆட்டக்காரர் காட்ஃப்ரி ஸ்டான்டன், ஆக்ஸ்ஃபர்டோடு ஆட வேண்டிய நேரத்தில் காணாமல் போகிறார். போவதற்கு முன் ஒரு தந்தி அனுப்பியிருக்கிறார். ஹோம்ஸ் தந்தி அலுவலகத்துக்குப் போகிறார். கம்பிக்குப் பின்னால் இருக்கும் இளம்பெண்ணிடம், நேற்று ஒரு தந்தி கொடுத்தேன், பதில் வரவில்லை, கையெழுத்துப் போட மறந்துவிட்டேனோ என்று கவலையாக இருக்கிறது என்கிறார் தாழ்ந்த குரலில். அவள் பரிதாபப்பட்டு அடிக்கட்டைகளைப் புரட்டி, உரிய தாளை எடுத்து அவர் முன் விரித்துக் காட்டுகிறாள். வேண்டியதைப் படித்துக்கொண்டு, ஐயோ, ஆமாம், மறந்துதான்விட்டேன் என்று நன்றி சொல்லி வெளியே வருகிறார். கைகளைத் தேய்த்துக்கொண்டு சிரிக்கிறார். அந்தத் தந்தியைப் பார்க்க ஏழு திட்டம் வைத்திருந்தாராம், முதல் திட்டமே பலித்துவிட்டதில் மகிழ்ச்சி.

தானேயில் பிடிபட்டவர்கள் மேல் வந்த புகாருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? காசு கைமாறவில்லை என்பது ஒன்று. ஆனால் முறை ஒன்றுதான். பிறர் நம்பி ஒப்படைத்த செய்தியைக் காக்க வேண்டிய இடத்தில் இருப்பவரை ஏமாற்றி அதைக் கறந்துவிடுவது. அகப்பட்டிருந்தால் ஹோம்ஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வேலை போவது அந்தப் பெண்ணுக்கு. படிக்கிறவர்களில் யாரும் அவளை நினைப்பதில்லை. அவளுக்குப் பெயர்கூட இல்லை.

அந்தத் தேடல் எங்கே போய் முடிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்டான்டன் எந்தக் குற்றத்திலும் சிக்கவில்லை. ஊருக்குத் தெரியாமல் மணந்துகொண்ட இளம் மனைவி காசநோயில் சாகக்கிடக்கிறாள். அவள் கட்டிலருகே அவர் இருக்கிறார். ஹோம்ஸும் வாட்சனும் நுழையும்போது அவள் உயிர் போய்விட்டிருந்தது. அதற்கு முன்பே டாக்டர் லெஸ்லி ஆம்ஸ்ட்ராங் என்ற நேர்மையான மருத்துவர் ஹோம்ஸின் முகத்துக்கு நேராகக் குற்றம் சாட்டியிருந்தார்: குற்றவாளிகளைப் பிடிப்பது சரி, தனிமனிதர்களின் இரகசியங்களைக் கிளறி, மூடியிருக்க வேண்டிய குடும்ப விஷயங்களைத் தோண்டுவது என்ன தொழில் என்று. நாங்கள் தலையிட்டால் வெளியே தெரியாமல் முடியும், காவல்துறை கைக்குப் போனால் ஊரெல்லாம் தெரியும் என்பது ஹோம்ஸின் பதில். கடைசியில் இரகசியத்தைக் காப்பாற்றவும் செய்கிறார். ஆனாலும் ஆம்ஸ்ட்ராங் கேட்டது நிற்கிறது. தான் படைத்த நாயகனை இப்படிக் கேட்க ஓர் ஆளை வைத்த டாயிலின் நேர்மையைப் பாராட்ட வேண்டும்.

இனி அகதா. சார்லஸ் அகஸ்டஸ் மில்வர்டன் லண்டனில் மானத்தை விலைபேசி வாழ்கிறவன். பெரிய வீட்டுப் பெண்கள் எப்போதோ எழுதிய கடிதங்களை வைத்துக்கொண்டு பணம் பறிப்பான். கடிதங்கள் அவனுக்கு எப்படிக் கிடைக்கின்றன? அந்த வீடுகளின் வேலைக்காரர்களையும் பணிப்பெண்களையும் வளைத்துப்போட்டு. ஹோம்ஸ் அவனை வெறுப்பதுபோல் வேறெவனையும் வெறுத்ததில்லை. அவன் வீட்டுக்குள் புகுந்து கடிதங்களை மீட்க அவர் கண்ட வழி என்ன? அவனுடைய பணிப்பெண்ணை வளைத்துப்போடுவது.

எஸ்காட் என்ற குழாய்த் தொழிலாளியாக வேடமிட்டு, அகதா என்ற அந்தப் பணிப்பெண்ணோடு மாலைதோறும் உலாவப் போகிறார். சீக்கிரமே கல்யாண நிச்சயமும் ஆகிவிடுகிறது. வீட்டின் ஒவ்வொரு மூலையும் இப்போது உள்ளங்கைபோலத் தெரியும் என்று பேக்கர் தெரு வீட்டில் உட்கார்ந்து வாட்சனிடம் சிரிக்கிறார். இரவில் அவர் வருவதற்குத் தடையாக இருக்கும் காவல் நாயை அவளே கட்டிப்போடுகிறாள். அந்தப் பெண்ணின் கதி என்ன என்று வாட்சன் பதறும்போது தோளைக் குலுக்குகிறார். இந்த ஆட்டத்தில் வேறு வழியில்லை, மேலும் எனக்கு ஒரு போட்டியாளன் இருக்கிறான், நான் முதுகைத் திருப்பியதும் அவன் என் இடத்தைப் பிடித்துக்கொள்வான் என்கிறார்.

பிறகு நடப்பது எல்லோருக்கும் தெரிந்தது. மில்வர்டன் ஒரு பெண்ணின் துப்பாக்கிக்கு இரையாகிறான், ஹோம்ஸ் அத்தனை கடிதங்களையும் தீயில் போடுகிறார், லெஸ்ட்ரேட் உதவி கேட்டு வரும்போது மறுத்துவிடுகிறார். பூட்டை உடைத்ததை மன்னிக்கலாம். கயவன் கைக்குப் போன கடிதத்தைத் தீயில் போட்டதைக் கொண்டாடவும் செய்யலாம். அகதா விஷயத்தில் மன்னிப்பதற்கு இடமே இல்லை. எஜமான் செத்துக் கிடக்கும் வீட்டில், நாயைக் கட்டிப்போட்டவள் யார் என்று மறுநாள் காவல்துறை கேட்டிருக்காதா? பெற்ற தாயின் பசியைக் கண்ணால் கண்டாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்கிறது வினைத்தூய்மை அதிகாரம் (656). தாயின் பசிக்கே விலக்கு இல்லாதபோது, அந்தக் கடிதங்களால் ஒரு பிரபு வீட்டுக் கல்யாணம் நின்றுபோகாமல் இருப்பதற்கு விலக்கு எங்கே கிடைக்கும்? வாலியை மறைந்து நின்று கொன்றதற்காகக் கம்பர் இராமனையே கேள்விக்கூண்டில் நிறுத்தினார். அசுவத்தாமன் பெயரால் தருமன் சொன்ன பாதிப் பொய்யோடு அவன் தேர் மண்ணில் இறங்கியது. தெய்வமென்று போற்றியவர்களுக்கே சலுகை தராத மரபு இது.

மேரி சதர்லாந்து கதை இன்னும் கசப்பானது, ஏனெனில் அங்கே ஏமாந்தவள் தேடி வந்த கட்சிக்காரியே. தட்டச்சு செய்து பிழைக்கும் கிட்டப்பார்வைக்காரப் பெண். அவள் பேரில் வரும் வட்டிப் பணம் கையைவிட்டுப் போகக்கூடாது என்று மாற்றாந்தந்தை விண்டிபேங்க், கறுப்புக் கண்ணாடியும் ஒட்டுமீசையும் வைத்துக்கொண்டு ஹாஸ்மர் ஏஞ்சல் என்ற பெயரில் அவளையே காதலிக்கிறான். என்ன நடந்தாலும் காத்திருப்பேன் என்று வேதப் புத்தகத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு, கல்யாணத்தன்று காலையில் மறைகிறான். அவருக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்தால் போதும், என்னிடம் உள்ளதெல்லாம் தருகிறேன் என்று ஹோம்ஸிடம் வருகிறாள் மேரி. தட்டச்சு எழுத்தின் தேய்மானத்தை வைத்து ஹோம்ஸ் ஆளைப் பிடித்துவிடுகிறார், சாட்டையை எடுக்கப் போய் அவனை ஓடவும் வைக்கிறார். மேரியிடம் மட்டும் சொல்வதில்லை! சொன்னாலும் நம்பமாட்டாள் என்பது அவர் முடிவு. ஆக அவள் அதே வீட்டில், அதே மனிதனோடு, இல்லாத ஒருவனுக்காகக் காத்திருக்க வேண்டும். வாய்மை என்பது யாருக்கும் தீங்கில்லாத சொல் என்பார் வள்ளுவர் (291). தீங்கைக் கண்டும் வாய் திறக்காதது எந்த வாய்மையில் சேரும்? புதிர் அவிழ்ந்ததும் ஹோம்ஸுக்கு மனிதர்கள் தேவைப்படுவதில்லை. நண்பர் வாட்சனையே, தான் இறந்துவிட்டதாக மூன்றாண்டு நம்பவைத்தவர்தானே.

மறுபக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. விசாரியாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சிலப்பதிகாரம் சாட்சி. மதுரையில் ஒரு ஹோம்ஸ் இருந்திருந்தால் பொற்கொல்லன் அகப்பட்டிருப்பான். நான்கு சுவருக்குள் நடக்கும் கொடுமைக்கு இரகசியப் பதிவைத் தவிர வேறு சாட்சி இல்லாத பெண்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்று குறளே (292) இடம் தருகிறது. ஆனால் அந்த நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். அகதாவின் பங்கைக் கணக்கில் சேர்த்தால் அது தேறாது.

சுத்தமான வழியில் உண்மை கிடைக்காது என்பவர்களுக்கு டாயிலின் வாழ்க்கையே பதில் வைத்திருக்கிறது. பார்சித் தந்தைக்குப் பிறந்த இளம் வழக்கறிஞர் ஜார்ஜ் எடல்ஜி, இரவில் வயல்வெளி கடந்து போய்க் கால்நடையை வெட்டிக் காயப்படுத்தியதாக 1903-இல் ஏழாண்டுத் தண்டனை பெற்றார். மூன்றாண்டில் வெளியே வந்தவரைச் சந்திக்க டாயில் ஒரு விடுதிக்குப் போனபோது, எடல்ஜி செய்தித்தாளைக் கண்ணுக்கு மிக அருகில், சற்றே சாய்த்துப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். கண்மருத்துவம் படித்த டாயிலுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இவ்வளவு மங்கிய பார்வையோடு இருட்டில் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது என்று 1907 ஜனவரியில் டெய்லி டெலிகிராஃப் நாளிதழில் தன் பெயரிலேயே எழுதினார். அந்த ஆண்டே எடல்ஜிக்கு மன்னிப்புக் கிடைத்தது, இழப்பீடுதான் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தை அமைக்கும் சட்டம் அதே ஆண்டு வருவதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம். ஹோம்ஸின் கண் டாயிலிடம் இருந்தது. எடல்ஜியை மீட்க அவர் எந்தப் பணிப்பெண்ணிடமும் கல்யாணம் பேசவில்லை.

துப்பறியும் தொழிலை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் செய்ய வேண்டியதை என்று செய்யுமோ தெரியாது. அதுவரை பொறுப்பு அமர்த்துகிறவர்களிடம்தான். மகளுக்கு வரன் பார்க்கிறவர்களே, மகனின் போக்கில் சந்தேகம் கொண்டவர்களே, துப்பறியும் நிறுவனம் உங்கள் கையில் அறிக்கையைக் கொடுக்கும்போது, பணத்தை எண்ணுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: இந்தப் பட்டியலை யாரிடம் வாங்கினீர்கள், அந்த வாட்ச்மேனிடமும் வேலைக்காரப் பெண்ணிடமும் நீங்கள் யார் என்று சொன்னீர்கள்? நேரான பதில் வராவிட்டால், அந்த அறிக்கையைப் படிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.