யாருடைய பொறுமை?

பொறுமை ஓர் அறமா என்று யாரேனும் கேட்டால், அவரை நாம் வியப்போடு நோக்குவோம். அதில் ஐயத்திற்கு இடம் ஏது? ஆனால் ‘யாருடைய பொறுமை, எதைப் பொறுக்கும் பொறுமை?’ என்று அடுத்த வினா எழும்போது, விடை அவ்வளவு எளிதன்று என்பது புலனாகிறது. இவ்வினாவை எனக்குக் கற்பித்தது ஒரு நூலன்று. எங்கள் சமையலறையிலுள்ள ஓர் இழுப்பறை.

1968ஆம் ஆண்டு என் தந்தையார் நாகர்கோவிலில் வீடு கட்டியபோது, தச்சரை வீட்டிலேயே இருத்திச் சமையலறைக்கென ஒரு நீண்ட மேசை செய்வித்தார். அதில் மூன்று இழுப்பறைகள். நடுவிலிருப்பது அகலமானது. கரண்டி, கத்தி, மெழுகுவத்தி, மருந்துச் சீட்டு எல்லாம் அதற்குள்தான். பலாமரப் பெட்டி, அதன் இருபக்க அடிவிளிம்புகளும் மேசைக்குள் பொருத்திய இரண்டு மரச்சட்டங்களின்மேல் ஏறி ஓடும். தச்சர்கள் இச்சட்டத்தை ‘ரன்னர்’ என்பார்கள்.

மரத்தின்மேல் மரம் ஓடினால் இரண்டுமே தேயும். தேய்ந்தால் பெட்டி தாழும். தாழ்ந்தால் ஒருபுறம் சாய்ந்து சிக்கிக்கொள்ளும். எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. என் அன்னை இடக்கையால் பெட்டியின் அடியைச் சற்றே தூக்கி, வலக்கையால் இழுத்து, முழங்காலால் ஒரு தட்டுத் தட்டித் திறப்பார். 2009ஆம் ஆண்டு அவர் காலமான பின்னர் என் மனைவியும் அவ்வாறே திறந்துவந்தார். நான் அதைப் பார்க்காமலில்லை. எங்கள் வீட்டுப் பெண்களின் கைப்பழக்கம் அது என்றே எண்ணியிருந்தேன்.

2023ஆம் ஆண்டு மழைக்காலத்தில் என் மனைவி முற்றத்தில் வழுக்கி விழ, வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. சமையல் என் பொறுப்பாயிற்று. முதல்நாள் காலையில் தேநீர் கலக்கக் கரண்டி எடுக்கப் போனேன். இழுப்பறை அசையவில்லை. பலங்கொண்டு இழுத்தேன், ஒரு பக்கம் மட்டும் வந்து கோணலாக நின்றது.

“இது இப்படிக் கிடக்கிறதே, ஏன் என்னிடம் சொல்லவில்லை?” என்று சினந்து கேட்டேன்.

“சொன்னேனே. மூன்று முறை சொன்னேன். எனக்கு முன்னே அத்தையும் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். பிறகு கை பழகிவிட்டது” என்றார் அவர், குரலை உயர்த்தாமல்.

மறுநாள் வயது முதிர்ந்த தச்சர் ஒருவரை அழைத்துவந்தேன். அவர் பெட்டியை முழுவதுமாக வெளியே எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தார். சட்டங்கள் முன்முனையில் குழிந்திருந்தன. பெட்டியின் விளிம்புகளோ பின்பக்கத்தில் சரிந்து தேய்ந்திருந்தன. இழுக்க இழுக்கப் பாரம் சட்டத்தின் முன்முனைமீது விழுகிறது என்றும், பெட்டியின் பின்பகுதியே சட்டத்தின் நீளம் முழுவதையும் உராய்ந்து கடக்கிறது என்றும் அவர் விளக்கினார். இடப்பக்கச் சட்டத்தின்மேல் நான்காக மடித்த நாட்காட்டி அட்டை ஒன்று ஒட்டிக் கிடந்தது. “யாரோ முன்னமே வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்” என்று சிரித்தார். அது என் அன்னையின் கைவேலை. சொல்லிப் பயனில்லை என்று கண்டபின் அவரே செய்துகொண்ட பரிகாரம் அது.

எஃகுச் சேனல் பொருத்திவிடலாமா என்று கேட்டேன். பக்கத்திற்கு அரை அங்குல இடம் வேண்டுமென்றும், அதற்காகப் பெட்டியை ஓர் அங்குலம் ஒடுக்கவேண்டுமென்றும் சொன்னார். பல்லோடு பல் கோத்துச் செய்த மூலைகளைப் பிரிக்க அவருக்கு மனமில்லை. ஆகவே பழைய சட்டங்களைக் கழற்றிவிட்டுத் தேக்கில் புதியன இழைத்தார். தேய்ந்த விளிம்புகளைச் சீவி நேராக்கி, மெல்லிய தேக்குச் சிம்பு ஒட்டினார். திருகாணித் தலைகள் பெட்டியைக் கீறாதபடி ஆழப் பதித்தார். இறுதியில் அவ்விழுப்பறையிலேயே கிடந்த மெழுகுவத்தித் துண்டொன்றை எடுத்துச் சட்டங்களின்மேல் தேய்த்தார். மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஒரு விரலால் இழுத்தாலும் பெட்டி வந்தது.

புறப்படும்போது அவர் சொன்னார்: “மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்துச் சற்றே பருக்கும், கொஞ்சம் இறுகும். வெயில் வந்தால் சரியாகிவிடும். அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள், ஐயா.”

‘அதை மட்டும்’ என்ற அந்தச் சொல் என்னை விட்டு நீங்கவில்லை. மழையில் மரம் பருப்பது மரத்தின் இயல்பு. அதைத் தடுக்க எவராலும் இயலாது. சட்டம் தேய்ந்தது அத்தகையதன்று. ஒருவர் சற்று முயன்றிருந்தால் அது என்றோ சரியாகியிருக்கும். முன்னதைப் பொறுப்பது அறிவு. பின்னதை வேறொருவர் பொறுத்துக்கொண்டிருக்கும்படி விடுவது என்ன? நாளொன்றுக்குப் பத்து முறை அப்பெட்டியைத் திறந்ததாகக் கொண்டால், ஆண்டுக்கு 3,650 முறை. இருபது ஆண்டுகளில் 73,000 முறை. என் மூன்று மணி நேரச் சோம்பலுக்கு இரண்டு பெண்களின் கைகள் கொடுத்த விலை அது.

திருவள்ளுவர் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதே நூலில் பொச்சாவாமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. கடமையை மறந்து சோர்ந்திருத்தலே பொச்சாப்பு. உவகை மிகுதியில் வரும் அச்சோர்வு, எல்லை கடந்த சினத்தினும் தீயது என்றே அவ்வதிகாரம் தொடங்குகிறது. ஒரே வீட்டில் இவ்விரண்டும் அருகருகே வாழ முடியும் என்பதை நான் காலங்கடந்து உணர்ந்தேன். ஒருவருடைய பொறையை நிழலாக்கி அதன்கீழ் மற்றொருவருடைய பொச்சாப்பு சுகமாக உறங்குகிறது. 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் சினத்தைப்பற்றி ஆராய்ந்தபோது, சினமின்மையும் குற்றமாகுமோ என்றொரு வினாவை எழுப்பினார். ஆகும் என்றே விடையளித்தார். நியாயம் தெளிவாய்த் தெரிந்த இடத்திலும் உள்ளம் அசையாதிருப்பது சாந்தமாகாது.

அப்படியானால் என் அன்னையின் பொறுமை வீணா? அவ்வாறு சொல்ல எனக்குத் துணிவில்லை. அது அவருக்கு அறமாயிருக்கலாம். ஆனால் அவ்வறத்தை என் கணக்கில் வரவு வைக்க எனக்கு உரிமையில்லை. “எங்கள் அம்மா எதற்கும் முகம் சுளித்ததில்லை” என்று நான் பலரிடம் பெருமையாகச் சொன்னதுண்டு. அப்புகழ்ச்சியில் ஒரு பங்கு, அவர் என்னைத் தொல்லைப்படுத்தவில்லை என்ற மகிழ்ச்சியே என்று இன்று அறிகிறேன். பிறரைப் ‘பொறுமைசாலி’ என்று புகழும்போதெல்லாம், அவர் பொறுத்துக்கொண்டிருப்பது எதை, அதை நீக்கும் ஆற்றல் யாரிடம் இருக்கிறது என்று நாம் கேட்கக் கடமைப்பட்டவர்கள். வீட்டில் மட்டுமன்று, நம்மிடம் கூலிக்கு உழைப்போர் விஷயத்திலும் இவ்வினா உண்டு.

மாவுக்கட்டை அவிழ்த்த பின் ஒருநாள் என் மனைவி சமையலறைக்குள் வந்தார். இழுப்பறையின் அடியில் இடக்கையைக் கொடுத்துத் தூக்கி, முழங்காலையும் முன்னே நகர்த்தினார். தட்டுமுன்னரே பெட்டி தானாக வழுக்கி வந்துவிட்டது. அவர் ஒரு கணம் நின்று, பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டு போனார். மறுநாளும் அந்த இடக்கை அடியைத் தேடியே சென்றது. சட்டத்தை மாற்ற மூன்று மணி நேரம் போதுமாயிற்று. கையின் பழக்கம் மாற எத்தனை நாளாகுமோ, நான் அறியேன்.