தேய்ந்த செயினும் அடுத்த கப்பலும்

சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் கடல். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்ற அந்த ஊருக்குப் பயணிகள் கப்பல் போய்ச் சேர மூன்று நாள் ஆகும். லூதியானா போன்ற ஊர்களில் தயாராகும் சைக்கிள் செயினும் டயரும் பிரேக் கட்டையும் இந்தக் கடலைத் தாண்டித்தான் அந்தமான் கடைகளுக்கு வருகின்றன. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர் தோட்டத்துக்காகக் குடியமர்த்தப்பட்ட கச்சால் தீவுக்கோ, அதற்கும் தெற்கே கேம்ப்பெல் பேவுக்கோ அந்தப் பொருள் போக வேண்டுமென்றால் இன்னொரு கப்பல் பிடிக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் தள்ளிப்போகும்.

தேய்ந்த பாகத்தோடு ஒரு சைக்கிளை எதுவரை ஓட்டலாம்? மதுரையிலோ கோவையிலோ இருப்பவர் இதைப் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. தெருமுனைக் கடையில் பாகம் கிடைத்துவிடும். தீவில் வாழ்பவர் யோசித்தே ஆக வேண்டும். அவசரப்பட்டு மாற்றினால் நல்ல பொருள் குப்பைக்குப் போகிறது. தீவின் குப்பையை அப்புறப்படுத்தவும் இடம் குறைவு. தாமதித்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும்.

தீவில் சைக்கிளுக்கு முதல் எதிரி காற்றும் மழையும்தான். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு. அதோடு உப்புக் காற்று. தினமும் ஓடி, அவ்வப்போது எண்ணெய் காணும் செயின் வருடக்கணக்கில் தாங்கும். வராந்தாவில் சும்மா சாத்திவைத்த சைக்கிளின் செயின் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து விறைத்துப்போகும். இரும்புச் சட்டத்துக்குள் செருகிய அலுமினிய சீட் பில்லரைக் கிரீஸ் தடவாமல் விட்டால், உப்பு ஈரத்தில் இரண்டு உலோகங்களும் அரித்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு சீட்டை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. ஒரு பாகம் உழைத்துத் தேய்வது வேறு, கவனிப்பாரின்றிக் கெடுவது வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது.

உழைத்துத் தேய்வதிலும் வகை உண்டு. அதைக் காட்டச் செயினை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. இன்றும் புழக்கத்தில் உள்ள உருளைச் செயினை 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கினார். சைக்கிள் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குல இடைவெளி. செயின் "இழுத்துவிட்டது" என்று சொல்வார்கள். உண்மையில் இரும்புத் தகடு எதுவும் நீள்வதில்லை. ஒவ்வொரு பின்னும் அது சுழலும் குழியும் மயிரிழை தேய்கின்றன. அந்தத் தேய்மானங்கள் எல்லாம் கூடும்போது மொத்தச் செயினும் நீளமாகிவிடுகிறது. ஓர் அடி ஸ்கேலை வைத்து 24 கண்ணிகளை அளந்தால் புதுச் செயின் சரியாக 12 அங்குலம் காட்டும். ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருந்தால் மாற்றும் காலம் நெருங்கிவிட்டது. மூன்று மில்லிமீட்டர் கூடியிருந்தால் செயின் மட்டும் கெடவில்லை. அது தொட்ட பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும்.

இங்கே இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டும் நேர்மையானவை. முதல் வழி, செயினைக் காலத்தில் மாற்றி, விலை கூடிய பல்சக்கரங்களைப் பல ஆண்டு காப்பாற்றுவது. கியர் வைத்த சைக்கிளுக்கு இதுவே ஏற்றது. இரண்டாவது, செயினும் பின் ஃப்ரீவீலும் முன் பல்சக்கரமும் சேர்ந்தே தேயட்டும் என்று ஓட்டி, வழுக்கத் தொடங்கும் நாளில் மூன்றையும் சேர்த்து மாற்றுவது. கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் இது நன்றாகவே நடக்கும். செயின் தொய்ந்தால் பின் சக்கரத்தைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து முறுக்கலாம். மேலும் தொய்ந்தால் கண்ணியைக் கழற்றிவிடலாம். ஒன்றாகத் தேய்ந்தவை ஒன்றோடொன்று பொருந்தியே ஓடும். கூர்ந்து வளைந்துபோன பழைய பல்லின் மேல் புதுச் செயினை மாட்டினால்தான் தொல்லை. ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது அது பல்லை விட்டு எகிறும்.

ஆனால் எல்லாப் பாகங்களும் இப்படிச் சேர்ந்து மூப்படைவதில்லை. சில பாகங்கள் தாம் தேயும்போது அக்கம்பக்கத்தையும் அழிக்கின்றன. கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின் மிகச் சிறிய பொருள். அது தளர்ந்த பிறகும் "டக், டக்" என்ற ஓசையோடு மிதித்துக்கொண்டே இருந்தால், கிராங்கின் துளை அகன்று கிராங்கே வீணாகிவிடும். பின் சக்கரத்தின் நடுவே உருளும் கால் அங்குலக் குண்டுகளும் அப்படித்தான். காலத்தில் குண்டுகளை மாற்றிக் கிரீஸ் வைத்தால் வேலை முடிந்தது. விட்டுவிட்டால் அவை ஓடும் கிண்ணம் குழிவிழுந்து, கடைசியில் முழு ஹப்பும் போகும். தீவில் ஹப் கிடைப்பதை விடக் குண்டு கிடைப்பது எளிது. எனவே கையிருப்பில் வைத்திருக்க வேண்டியவை இந்தச் சின்னஞ்சிறு பொருள்களே.

டயரில் கணக்கு இன்னும் தெளிவு. உடல் எடையில் பெரும்பங்கைப் பின் சக்கரம் தாங்குகிறது, மிதிக்கும் விசையும் அதன் வழியாகவே தரையில் இறங்குகிறது. ஆகவே பின் டயர்தான் முதலில் வழுவழுப்பாகும். புது டயர் வாங்கியதும் பலர் அதைப் பின்னால் மாட்டுவார்கள். விவரம் தெரிந்தவர்கள் புதியதை முன்னால் மாட்டி, முன்னால் ஓடியதைப் பின்னுக்கு அனுப்புவார்கள். பின் டயர் சறுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் டயர் சறுக்கினால் ஆள் தரையில் கிடப்பார்.

பிரேக்கில் சமரசத்துக்கே இடமில்லை. போர்ட் பிளேர் மேடும் பள்ளமுமான ஊர். அபர்டீன் பஜாரைச் சுற்றியே ஏற்ற இறக்கம். ஹேவ்லாக் தீவில் படகுத் துறையிலிருந்து ராதாநகர் கடற்கரைக்குப் போகும் சுமார் 12 கிலோமீட்டர் பாதையிலும் சரிவுகள் உண்டு. நனைந்த இரும்பு ரிம்மில் புது ரப்பர் கட்டையே தாமதமாகத்தான் பிடிக்கும். ரப்பர் முழுதும் தேய்ந்து உலோகம் ரிம்மை உரசத் தொடங்கினால் ரிம் கீறிப்போகும், வண்டியும் நிற்காது.

இதே தீவுகளிலிருந்து இந்தியாவின் பெரிய சைக்கிள் பந்தய வீரர்கள் சிலர் வந்தார்கள். 2004 சுனாமியின்போது கார் நிக்கோபாரில் ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்து, மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர்தப்பிய டெபோரா ஹெரால்டு பின்னாளில் நாட்டின் முன்னணி டிராக் சைக்கிள் வீராங்கனை ஆனார். 2018இல் சுவிட்சர்லாந்தின் ஏக்ல் நகரில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் எசோ ஆல்பன் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி வென்றார். இவர்கள் ஓட்டும் பந்தய சைக்கிளில் பிரேக்கும் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. வேகம் கூட்டுவதும் குறைப்பதும் ஒரே செயின் வழியாகத்தான். தேய்ந்த செயினை "இன்னும் கொஞ்ச நாள்" என்று அங்கே யாரும் சொல்ல முடியாது. ஒரே பாகம் ஓரிடத்தில் பொறுத்துக்கொள்ளத் தக்கதாகவும் வேறிடத்தில் உயிருக்கு ஆபத்தாகவும் இருக்கிறது.

இங்கேதான் விஷயம் சைக்கிளைத் தாண்டிப் போகிறது. பழைய பொருளைக் கடைசிவரை பயன்படுத்துவது மதிக்கத்தக்க குணம். அந்தப் பொருளைச் செய்தவரின் உழைப்புக்கும் அது கடல் கடந்து வந்த செலவுக்கும் அது நியாயம் செய்கிறது. ஆனால் தேய்மானத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். ஏற்றத்தில் கூடுதலாக மூச்சு வாங்குவது தானே என்றால், அது ஓட்டுபவரின் சொந்த விருப்பம். வீட்டில் அண்ணன் ஓட்டித் தீர்த்த சைக்கிள் தங்கைக்கு வருகிறது. பெயின்ட் உதிர்ந்திருப்பதில் குற்றமில்லை. பிரேக் கட்டையும் தேய்ந்த நிலையிலேயே அவள் கைக்கு வந்தால், மிச்சம் பிடித்தது பெரியவர்கள், அடிபடப்போவது அவள். பள்ளி வேனின் டயர், படகின் உயிர்காப்பு உடுப்பு, வாடகை வீட்டின் மின்கம்பி எல்லாவற்றிலும் இதே அநியாயம் நடக்கிறது. "இன்னும் தாங்கும்" என்று முடிவுசெய்பவர் ஒருவர், அதன் மேல் உயிரை வைப்பவர் வேறொருவர்.

சமதளமான நீல் தீவுக்குப் போகிறவர்கள் பரத்பூர், சீதாபூர் கடற்கரைகளுக்குச் சைக்கிள் வாடகைக்கு எடுத்துச் சுற்றுவது வழக்கம். துருப்பிடித்த கைப்பிடியையும் கிழிந்த சீட்டையும் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அவை இன்னும் பல ஆண்டு உழைக்கும். வண்டியில் ஏறும் முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள், முன் டயரை ஒருமுறை தடவிப் பாருங்கள். இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் வேறு வண்டி கேளுங்கள். வாடகைக்கு விடுபவரும் அடுத்த கப்பலில் வேறு எது வந்தாலும் வராவிட்டாலும், பிரேக் கட்டை ஒரு பெட்டி வரவழைத்துக்கொள்ளட்டும்.